திறந்த படகுகளில் உயிர் காக்கும் பயணங்கள்: வரலாறும் நம் கடமையும்

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலையில் சென்றால் 30 கி.மீ.க்குள் கேளம்பாக்கம் வந்துவிடும். புயல் காலத்தில் மக்களைத் தங்க வைப்பதற்காகக் கட்டப்பட்ட ஒரு கட்டடத்தில், 2012 முதல் ரோஹிங்யா முஸ்லிம் குடும்பங்கள் அங்கே வாழ்ந்து வருகின்றன. மொத்தம் சுமார் நூறு பேர். ஆண்கள் பெரும்பாலும் பழைய பொருட்களைச் சேகரித்து விற்கிறார்கள். பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். நம் ஜமாஅத்துகள் ரமலானில் அங்கே உணவும் உடையும் கொண்டு போய்க் கொடுப்பதுண்டு.

அவர்களின் இனத்தவர் ஆண்டுதோறும் சிறு படகுகளில் வங்கக் கடலில் இறங்குகிறார்கள். "ரோஹிங்யா படகு கவிழ்ந்தது", "அகதிகள் தத்தளிப்பு" என்ற செய்திகளை வாட்ஸ்அப்பில் பார்த்து, "இன்னா லில்லாஹி" சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். இத்தகைய பயணங்கள் ஏன் நடக்கின்றன, படகில் என்ன நடக்கிறது, பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள், சட்டமும் மார்க்கமும் என்ன சொல்கின்றன என்பதைக் குடும்பத்தோடு படித்து அறியும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இஸ்லாமிய வரலாற்றின் முதல் ஹிஜ்ரத் கடல் வழியே

ஹிஜ்ரத் என்றதும் மக்காவிலிருந்து மதீனா சென்ற பாலைவனப் பயணமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 615இல், முதல் ஹிஜ்ரத் கடல் வழியாக நடந்துவிட்டது. குறைஷிகளின் கொடுமை தாங்க முடியாத நிலையில், அபிசீனியாவுக்குச் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு வழிகாட்டினார்கள். உஸ்மான் (ரலி), அவர்களின் துணைவியாரும் நபிகளாரின் மகளுமான ருகையா (ரலி) உட்பட ஒரு சிறு குழு ஷுஐபா துறைக்கு இரகசியமாக வந்து சேர்ந்தது. அங்கே புறப்படத் தயாராக நின்ற வணிகக் கப்பல்கள் அரை தீனார் கூலிக்கு அவர்களை ஏற்றிக்கொண்டன. துரத்தி வந்த குறைஷிகள் கரைக்கு வந்தபோது கப்பல்கள் கிளம்பிவிட்டன.

பின்னர் யமனிலிருந்து நபிகளாரை நோக்கிப் புறப்பட்ட அபூமூஸா அல் அஷ்அரி (ரலி) அவர்களும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அவர்களின் கூட்டத்தாரும் ஏறிய கப்பல், அவர்களை அபிசீனியக் கரையில் கொண்டு போய்ச் சேர்த்தது. அங்கே ஜஅஃபர் பின் அபூதாலிப் (ரலி) அவர்களோடு தங்கியிருந்து, கைபர் வெற்றியின்போது எல்லோரும் மதீனா வந்து சேர்ந்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

இந்த இரண்டு சம்பவங்களிலும் கடலைக் கடந்தது பாதி வேலைதான். மறு கரையில் நஜ்ஜாஷி என்ற நீதியுள்ள மன்னர் இருந்தார். அவர் முஸ்லிம் அல்லாத நாட்டின் அரசர். வந்தவர்களைப் பிடித்துத் தரும்படி குறைஷிகள் பரிசுகளோடு தூது அனுப்பியும் அவர் கொடுக்க மறுத்தார். அந்த மறுப்பு இல்லையென்றால் அந்தப் பயணத்தின் முடிவு வேறு விதமாக இருந்திருக்கும்.

படகில் மனித உடலுக்கு என்ன நேர்கிறது?

நடுக்கடலில் முதலில் கொல்வது பசி அல்ல, தாகம். உணவில்லாமல் மனிதன் வாரக்கணக்கில் தாக்குப்பிடிப்பான். வெயிலில் குடிநீரின்றிச் சில நாட்களுக்கு மேல் தாங்க முடியாது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதைக் குடிக்கக் கூடாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த அளவு உப்பை வெளியேற்ற, குடித்த நீரை விட அதிக நீரை நம் சிறுநீரகம் செலவிட வேண்டியிருக்கும். ஆகவே கடல்நீர் குடிப்பவரின் தாகம் கூடுகிறது, உடல் வற்றுகிறது, பிறகு புத்தி தடுமாறுகிறது. குழந்தைகளே முதலில் பலியாகிறார்கள்.

இரண்டாவது ஆபத்து வெயிலும் ஈரமும். கூரையில்லாத படகில் பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் நனைந்த துணியில் குளிர்காற்று. உப்பு நீரில் ஊறிய தோல் புண்ணாகும். மூன்றாவது, எஞ்சின். டீசல் தீர்ந்தாலோ எஞ்சின் நின்றாலோ படகு அலைக்கு முகம் கொடுக்க முடியாமல் பக்கவாட்டில் அடிவாங்கும். நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டம் பயத்தில் ஒரே பக்கம் சாய்ந்தாலே கவிழ்ந்துவிடும்.

நின்றுபோன படகு காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையில் போகும். வங்கக் கடலில் இந்த நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் மாறும். 2020இல் காசிமேட்டிலிருந்து மீன்பிடிக்கச் சென்ற ஒரு விசைப்படகு, தென்மேற்குப் பருவகாலத்தில் செயலிழந்து கிழக்கே இழுத்துச் செல்லப்பட்டது. ஐம்பது நாட்களுக்கும் மேலாகக் காணாமல் போயிருந்த மீனவர்கள் மியான்மரில் மீட்கப்பட்டார்கள். கடலையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்த நிலை என்றால், அதுவரை படகில் கால் வைத்திராத பெண்களும் குழந்தைகளும் என்ன ஆவார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

உலகம் வியந்த பயணங்கள்

சிறு படகுப் பயணங்கள் என்றால் உலக நூல்கள் சில பெயர்களைத் தவறாமல் சொல்லும். 1789இல் பவுண்டி கப்பலில் கலகம் வெடித்தபோது, கேப்டன் வில்லியம் பிளை உட்பட 19 பேர் சுமார் 7 மீட்டர் நீளப் படகில் இறக்கி விடப்பட்டார்கள். சில கிராம் ரொட்டியும் சில மிடறு தண்ணீரும் என்று அளந்து கொடுத்து, 47 நாட்களில் சுமார் 6,700 கி.மீ. கடந்து தீமோர் தீவை அடைந்தார் பிளை. வழியில் ஒரு தீவில் கொல்லப்பட்ட ஒருவரைத் தவிர மற்றவர்கள் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

அண்டார்டிக் பனியில் கப்பலை இழந்த எர்னஸ்ட் ஷாக்கிள்டன், 1916இல் ஐந்து தோழர்களுடன் 7 மீட்டருக்கும் குறைவான படகில் சுமார் 1,500 கி.மீ. பயணித்து தென் ஜார்ஜியா தீவை அடைந்தார். எலிஃபண்ட் தீவில் விட்டு வந்த 22 பேரையும் நான்கு மாதங்கள் போராடி மீட்டார். இரண்டாம் உலகப்போரில் கப்பல் தகர்க்கப்பட்ட பூன் லிம் என்ற சீனக் கப்பல் ஊழியர், மழைநீரைப் பிடித்தும் மீன் பிடித்தும் ஒரு மரத்தெப்பத்தில் தனியாக 133 நாட்கள் உயிர் வாழ்ந்தார். 1943 ஏப்ரலில் அவரைக் காப்பாற்றியவர்கள் பிரேசில் நாட்டு மீனவர்கள்.

பிளையும் ஷாக்கிள்டனும் தேர்ந்த மாலுமிகள். திசை காணும் கருவி அவர்களிடம் இருந்தது, கட்டளைக்குக் கீழ்ப்படியும் குழு இருந்தது. அகதிகளின் படகில் இவை எதுவும் இருப்பதில்லை. ஆகவே அங்கே உயிர் பிழைப்பது பெரும்பாலும் ஒன்றைத்தான் சார்ந்திருக்கிறது: வழியில் வரும் இன்னொரு படகு நிற்கிறதா, பார்த்தும் பாராமல் போகிறதா என்பதுதான் அது.

பாக் நீரிணை: நமக்கு மிக அருகில்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் சுமார் 30 கி.மீ. மட்டுமே. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் மீன்பிடி வள்ளங்களிலும் ஃபைபர் படகுகளிலும் இரவோடு இரவாக இதைக் கடந்தார்கள். போர் முடியும் வரை பல கட்டங்களாகத் தமிழகம் வந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். மண்டபம் முகாம்தான் அவர்களின் முதல் தங்குமிடம்.

முஸ்லிம்களின் துயரமும் இந்தக் கடலில் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம்தான் கொடுக்கப்பட்டது. வடக்கில் மொத்தம் சுமார் 75,000 பேர் சொந்த மண்ணை இழந்தார்கள். மன்னார் தீவின் முஸ்லிம்கள் கைக்குழந்தைகளோடும் முதியவர்களோடும் கடற்கரையில் காத்திருந்து, கிடைத்த படகுகளில் ஏறித் தெற்கே கற்பிட்டிக் கரைக்குச் சென்றார்கள். தமிழ் பேசும் முஸ்லிம்களின் அண்மை வரலாற்றில் நடந்த பெரிய கடல் ஹிஜ்ரத் இதுவே. புத்தளம் பகுதியில் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் வாழ்கிறார்கள்.

2022இல் இலங்கைப் பொருளாதாரம் வீழ்ந்தபோது பயணங்கள் மீண்டும் தொடங்கின. அந்த ஆண்டு மார்ச் 22 அன்று 16 பேர் இரண்டு குழுக்களாக வந்தார்கள். அதில் ஒரு குழுவைப் படகோட்டிகள் அரிச்சல்முனைக்கு அருகே மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். குழந்தைகளோடு திட்டில் தவித்தவர்களை இந்தியக் கடலோரக் காவல்படை மீட்டது. கரை கண்ணுக்குத் தெரிந்தும் நடந்து போக முடியாத அந்தத் திட்டுகளில் இறக்கிவிடுவது இந்த வழியில் தொடர்ந்து நடந்தது.

நியூஃபவுண்ட்லாந்து மூடுபனியில் 155 தமிழர்கள்

பாக் நீரிணையோடு இந்தக் கதை நின்றுவிடவில்லை. 1986 ஆகஸ்ட் 11 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதியில், அடர்ந்த மூடுபனிக்குள் இரண்டு திறந்த உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் 155 இலங்கைத் தமிழர்கள் இருந்தார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து பெரும் தொகை வாங்கிக்கொண்டு ஏற்றி வந்த கப்பல், அவர்களை நடுக்கடலில் சிறு படகுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

கஸ் டால்டன் என்ற மீனவர் அவர்களை முதலில் கண்டு, மற்ற படகுகளையும் அழைத்தார். எந்த நாட்டவர், என்ன மதம் என்று கேட்காமல் மீனவர்கள் அவர்களைத் தங்கள் படகுகளில் ஏற்றிக்கொண்டார்கள். கனடா அவர்களைத் தங்க அனுமதித்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், பிழைத்தவர்களில் சிலர் அதே கரைக்குத் திரும்பிச் சென்று டால்டனுக்கு நன்றி சொன்னார்கள்.

ரோஹிங்யாக்கள்: கரை மறுக்கப்பட்டவர்கள்

மியான்மரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ரோஹிங்யாக்களை நாடற்றவர்களாக்கியது. 2017 ஆகஸ்டில் தொடங்கிய இராணுவத் தாக்குதலில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். படகு கிடைக்காதவர்களில் சிலர் மூங்கிலையும் காலி பிளாஸ்டிக் கேன்களையும் கட்டித் தெப்பமாக்கி நாஃப் ஆற்றைக் கடந்தார்கள். முகாம்களில் வேலையோ எதிர்காலமோ இல்லாத நிலையில், மலேசியாவிலுள்ள உறவினர்களிடம் போய்ச் சேரலாம் என்ற நம்பிக்கையில், கடல் ஓரளவு அமைதியாக இருக்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் படகு ஏறுகிறார்கள்.

2015 மே மாதம் ஆட்கடத்தல்காரர்கள் படகுகளைக் கைவிட்டு ஓடியபோது, ஆயிரக்கணக்கானோர் அந்தமான் கடலில் சிக்கிக்கொண்டார்கள். கரையை நெருங்கிய படகுகளுக்கு உணவும் எரிபொருளும் கொடுத்துத் திரும்பவும் கடலுக்கே அனுப்பின சில நாடுகள்.

2021 பிப்ரவரி 11 அன்று காக்ஸ் பஜாரிலிருந்து 90 பேருடன் ஒரு படகு கிளம்பியது. பெரும்பாலோர் பெண்களும் சிறுமிகளும். சில நாட்களில் எஞ்சின் நின்றது. தண்ணீரும் உணவும் தீர்ந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அந்தமான் அருகே அவர்களைக் கண்ட இந்தியக் கடலோரக் காவல்படை உணவும் மருந்தும் கொடுத்தது. ஆனால் எந்தக் கரையில் இறக்குவது என்பதில் முடிவு ஏற்படவில்லை. தங்கள் பொறுப்பல்ல என்றது வங்கதேசம். கடைசியாக ஜூன் 4 அன்று, 113 நாட்களுக்குப் பிறகு, 81 பேர் இந்தோனேசியாவின் ஆச்சே அருகே ஒரு சிறு தீவில் கரையேறினார்கள். பிளையின் 47 நாள் பயணத்தை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. இந்த 113 நாட்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

ஐ.நா. அகதிகள் அமைப்பின் கணக்குப்படி, 2023இல் இப்படிக் கடலில் இறங்கிய ரோஹிங்யாக்கள் சுமார் 4,500 பேர். அதில் 569 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். அதாவது எட்டுப் பேரில் ஒருவர். 2025 மே 9, 10 தேதிகளில் மூழ்கிய இரண்டு படகுகளில் மட்டும் 427 பேர் இறந்திருக்கலாம் என்று அதே அமைப்பு அஞ்சியது.

காப்பாற்றிய கைகள்

2015 மே மாதம் இந்தோனேசிய இராணுவம், அகதிப் படகுகளுக்கு உதவ வேண்டாம் என்று மீனவர்களை எச்சரித்தது. ஆச்சே மீனவர்கள் கேட்கவில்லை. அவர்களிடம் 'பங்லிமா லாவுட்' என்ற பல நூற்றாண்டுப் பழமையான மீனவத் தலைமை முறை உண்டு. கடலில் தவிக்கும் எவரையும் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பது அவர்களின் கடல் வழக்கம். அந்த மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அவர்கள் கரை சேர்த்தார்கள். 2004 சுனாமியில் உலகிலேயே அதிக உயிர்களை இழந்த மண் அது. கடலில் உறவைப் பறிகொடுப்பது என்ன என்பது அவர்களுக்குத் தெரியும்.

2024 டிசம்பரில் இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டம் முள்ளிவாய்க்கால் கடலில், நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்களுடன் ஒரு படகு ஒதுங்கியது. முதலில் கண்டவர்கள் உள்ளூர்த் தமிழ் மீனவர்கள். அவர்களும் ஊர் மக்களும் உணவும் தண்ணீரும் கொடுத்தார்கள். 2009இல் போரின் கடைசி நாட்களில் எண்ணற்ற உயிர்கள் பறிபோன அதே கரை அது. 1990இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட அதே வட மாகாணத்தில், 2024இல் பசித்த முஸ்லிம்களுக்குத் தமிழ் மீனவர்கள் சோறு கொடுத்தார்கள். இரண்டையும் நம் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரக்கம் தானாகவே நிலைத்துவிடாது என்பதற்கும் இதே வரலாற்றில் சான்று உண்டு. படகுகள் தொடர்ந்து வந்ததாலும் சமூக ஊடகங்களில் பரவிய வெறுப்புப் பிரசாரத்தாலும் ஆச்சேயிலேயே மனநிலை மாறியது. 2023 டிசம்பர் 27 அன்று பண்டா ஆச்சேயில் மாணவர் கூட்டம் ஒன்று அகதிகள் தங்கியிருந்த இடத்துக்குள் புகுந்து அவர்களை விரட்டியது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விரட்டியவர்களில் பலர் முஸ்லிம் இளைஞர்கள்தாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடலில் ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவது கப்பல் தலைவரின் கடமை என்று 1974ஆம் ஆண்டின் கடற்பயண உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையும், 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 98ஆம் பிரிவும் கூறுகின்றன. அவர் எந்த நாட்டவர், எப்படிக் கடலுக்கு வந்தார் என்பது இங்கே கேள்வியே அல்ல. 1979ஆம் ஆண்டின் தேடுதல், மீட்பு உடன்படிக்கைப்படி ஒவ்வொரு கடலோர நாட்டுக்கும் பொறுப்பெல்லை பிரிக்கப்பட்டுள்ளது. இந்தியாவின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் மும்பை, சென்னை, ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) ஆகிய இடங்களில் இயங்குகின்றன.

காப்பாற்றிய பிறகு என்ன என்பதில்தான் சிக்கல். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. ஆகவே ஒரே கடலைக் கடந்து வந்தாலும், யார் எங்கிருந்து வந்தார் என்பதைப் பொறுத்து நடத்தப்படும் விதம் மாறுகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஓர் உயிரைக் காப்பதை மனித குலத்தையே காப்பதற்கு ஒப்பிடும் அல் மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் நாம் அறிந்ததே. தொழுதுகொண்டிருப்பவர் ஒருவர் நீரில் மூழ்குவதைக் கண்டால், காப்பாற்ற முடிந்த நிலையில் தொழுகையை விட்டுவிட்டுக் காப்பாற்ற வேண்டும் என்பது மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. வெள்ளிதோறும் நாம் ஓதும் அல் கஹ்ஃப் அத்தியாயத்தில், கடலில் உழைக்கும் ஏழைகளின் படகு அநியாய அரசனிடமிருந்து காக்கப்பட்ட சம்பவம் வருகிறது. கடலில் தத்தளிக்கும்போது அல்லாஹ்வை மட்டும் அழைத்துவிட்டு, கரையேறியதும் மறந்துவிடும் மனிதனை பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் எச்சரிக்கிறது.

நீரில் மூழ்கி இறப்பவர் ஷஹீதின் நற்கூலி பெறுவார் என்று புகாரி, முஸ்லிம் நூல்களின் ஹதீஸ் ஆறுதல் தருகிறது. கப்பலில் ஒருவர் இறந்து, உடல் கெடும் முன் கரை சேர வழியில்லை என்றால், குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுது கடலில் இறக்கலாம். உடலே கிடைக்காதவர்களுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸா தொழுகை உண்டு, ஹனஃபி மத்ஹபில் இல்லை. காணாமல் போனவரின் மனைவி, சொத்து பற்றிய சட்டங்கள் நுட்பமானவை. அவற்றைத் தகுதியுள்ள ஆலிமிடம் நேரில் கேட்டுத் தெளிவதே சரி.

நாம் செய்யக்கூடியவை

1. கோவளத்திலோ நீலாங்கரையிலோ வேறு எந்தக் கடற்கரையிலோ படகு ஆபத்தில் இருப்பதைக் கண்டால், இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற கட்டணமில்லா எண்ணையோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணையோ உடனே அழையுங்கள். வீடியோ எடுப்பது பிறகு.

2. "படகில் வெளிநாடு அனுப்புகிறோம்" என்று வரும் ஏஜெண்டுகளை நம்பாதீர்கள். 2014இல் புதுச்சேரியிலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்ட 157 தமிழர்கள் வழிமறிக்கப்பட்டு, கிட்டத்தட்ட ஒரு மாதம் கடலிலேயே ஒரு கப்பலில் அடைத்து வைக்கப்பட்டார்கள். வேறு வழியே இல்லாமல் உயிருக்கு ஓடுபவர் நிலை வேறு, வேலைக்காகத் தன்னைத் தானே அழிவில் தள்ளிக்கொள்வது வேறு.

3. அகதிகளைப் பற்றிய வதந்தியை உறுதி செய்யாமல் பகிராதீர்கள். ஆச்சேயில் நடந்தது எங்கும் நடக்கலாம்.

4. நம் அருகிலேயே வாழும் அகதிக் குடும்பங்களை ரமலானில் மட்டும் நினைக்காதீர்கள். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், மருத்துவச் செலவு, தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என்று ஆண்டு முழுவதும் தேவைகள் இருக்கின்றன. அவர்களின் படத்தையும் பெயரையும் சமூக ஊடகங்களில் போடாமல் உதவுங்கள். அவர்களின் பாதுகாப்பும் கண்ணியமும் அதில் இருக்கிறது.

5. மீனவச் சகோதரர்களை மதியுங்கள். பிரேசிலிலும், கனடாவிலும், ஆச்சேயிலும், முள்ளிவாய்க்காலிலும் முதலில் நீண்டது அவர்களின் கைதான்.

யா அல்லாஹ், கடலில் தத்தளிக்கும் மக்களுக்குக் கரையையும், கரையில் உள்ள எங்களுக்கு அவர்களை ஏற்கும் உள்ளத்தையும் தந்தருள்வாயாக. ஆமீன்.